நடு உத்தரம்

பரசுராமன் மேஸ்திரி ஒரு கட்டிடத்துக்குள் நுழைந்தால் முதலில் வாயைத் திறக்க மாட்டார். அண்ணாந்து பார்ப்பார். பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்த வழியாக இறங்குகிறது, எங்கே போய் மண்ணைத் தொடுகிறது என்று ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு கோடு இழுப்பார். கோடு நேராகக் கீழே வந்து சேர்ந்துவிட்டால் முகம் தெளிந்துவிடும்.

“பாரம்னா கீழதாம்பா போவும். பக்கவாட்டுல போவறதுக்கு அதுக்கு இன்னா காலா இருக்குது?” என்பார் கூட இருக்கும் ஆட்களிடம்.

அவர் தொழில் கற்ற இடம் அப்படி. தாமல் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடும்பம். அண்ணன்மார்களோடு பங்கு போட்டால் தனக்கு வரப்புதான் மிஞ்சும் என்று தெரிந்ததும் காஞ்சிபுரத்துக்கு வந்து, ஒரு கோயில் திருப்பணியில் சாந்து சுமக்கச் சேர்ந்தார். அங்கேயே கொத்தனாராகக் கரணை பிடித்தார், அங்கேயே மேஸ்திரி ஆனார். கல் மண்டபம் அவருக்கு மனப்பாடம். தூண் நிற்கும், தூணின் மேல் உத்தரம் படுக்கும், உத்தரத்தின் மேல் பலகைக்கல் படுக்கும். எதுவும் எதையும் பக்கத்தில் தள்ளாது. உடைந்த கல் உத்தரம் ஒன்றை, மேலே இருந்த தளத்தில் ஒரு கீறல் விழாமல் மாற்றிக் கொடுத்ததில் அவருக்கு ஊரில் நல்ல பெயர்.

இவ்வளவு பெயர் இருந்தும் குடியிருந்தது பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்கட்டு. முன்கட்டு முழுக்கத் தறி. பின்கட்டில் இருந்தது ஒரே அறை, அதன் நடுவில் ஒரு மரத்தூண். சாதம் வடிக்கப் போகும்போது மனைவி கிருஷ்ணவேணி அந்தத் தூணில் இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

“ஊருக்கெல்லாம் மண்டபம் கட்டறீங்க. எனக்கு ஒரு தூணில்லாத கூடம் கட்டிக் குடுங்க. நாலு பேர் வந்தா இலை போட்டு நேரா உக்கார வெக்கணும். அது போதும்.”

அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் சுவர் தலைமட்டத்துக்கு எழும்பி நின்றது. தூண் இல்லாமல் கூடம் வேண்டுமென்றால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரே மரம் வேண்டும். வாலாஜாபாத் வரை போய்த் தேடினார். அந்த நீளத்தில் நல்ல மரம் எங்கேயும் இல்லை.

அந்த நேரத்தில்தான் சர்ச்சிலிருந்து ஆள் வந்தது.

ரயிலடிக்குப் போகும் சாலையில் வேப்ப மரங்களுக்கு நடுவே இருந்தது அந்தச் சின்ன சர்ச். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கட்டியது. அவர் பிறந்த கிராமத்தில் எழுநூறு வருஷப் பழசாக ஒரு கோயில் இருந்ததாம். அதன் படத்தைச் சட்டம் போட்டு உள்ளறையில் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அப்படியே இங்கே எழுப்பியிருந்தார் மனிதர். அந்த ஊரில் கருங்கல், இங்கே செங்கல்லும் சுண்ணாம்பும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

பரசுராமன் அதற்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. வழக்கம்போல் பேசாமல் பார்த்தார். சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். ஜன்னல்கள் குறுகி, தலையில் வேல்முனை மாதிரி கூர்மையாக இருந்தன. வெளிப்பக்கம் ஒடுக்கமாகவும் உள்பக்கம் அகலமாகவும் செதுக்கி, கொஞ்சம் வெளிச்சத்தை வைத்து நிறைய இடத்தை நனைத்திருந்தார்கள். வாசல் பக்கத்தில் ஞானஸ்நானத் தொட்டி. கிழக்குக் கோடியில் ஒரு பெரிய வளைவு, அதற்கப்பால் பலிபீடம். மேற்குச் சுவரின் உச்சியில் ஒரு கூடு, அதில் மணி. கூரை மட்டும் இந்த ஊர் வழக்கத்துக்கு மீறிச் செங்குத்தாக இருந்தது. ஓடு தாங்கும் இரண்டு பக்கத்துக் கைமரங்களும் உச்சியில் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன.

“எதுக்கு இவ்வளவு சரிவு?” என்றார்.

“அவங்க ஊர்ல பனி மழையாட்டம் கொட்டுமாம் மேஸ்திரி. கூரையில தங்காம வழியணுமில்ல” என்றார் சாமுவேல். சர்ச்சில் மணி அடிப்பது, பெருக்குவது, பூட்டுவது எல்லாம் சாமுவேல்தான். பின்னால் இருந்த ஓட்டு அறையில் குடும்பத்தோடு இருந்தார். பரசுராமனைவிடப் பத்து வயது மூத்தவர். “வாசலும் பாரு, தெக்கால வெச்சிருக்கார். அவங்க ஊர்ல வெயிலுக்கு ஏங்குவாங்களாம். அந்த மனுசன் ஏக்கத்துக்கு நாம இங்க வேவறோம்.”

பலிபீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன மாடம் இருந்தது. உள்ளே கிண்ணம் மாதிரி ஒரு குழி. எதற்கென்று சர்ச்சில் யாருக்கும் தெரியாது. சாமுவேல் அதில் தீப்பெட்டியும் மெழுகுவத்தித் துண்டுகளும் வைத்திருந்தார். வெளியே வந்தால், சுவரை ஒட்டி இடைவெளி விட்டு விட்டு செங்கல் முட்டுகள். அடியில் பெருத்து மேலே போகப் போகச் சிறுத்திருந்தன. ஒன்றின் சரிவில் ஒரு ஆடு ஏறி நின்றிருந்தது.

பரசுராமன் சிரித்துவிட்டார். “இன்னாண்ணே இது? செவுரு எங்கனா ஓடிப்போயிடும்னு அண்டை குடுத்துக்கினு இருக்காரா?”

“அது சேட்டு வீட்டு ஆட்டுக்குன்னே கட்டுனது” என்றார் சாமுவேல்.

கூப்பிட்ட காரணம் புறா. கூரைக்குக் கீழே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மூன்று மர உத்தரங்கள் ஓடின. நடு உத்தரம் மற்ற இரண்டையும்விடப் பெரியது. புறாக்களுக்கு அதுதான் பிடித்தது. போன வாரம் நடந்த கல்யாணத்தில், சபைச் செயலாளர் எபினேசரின் தம்பி மகள் அரக்கு நிறப் பட்டில் நடந்து வந்து சரியாக அதன் அடியில் நின்றிருக்கிறாள். தோளில் விழுந்த எச்சம் கொசுவம் வரை வழிந்ததாம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் புடவைக்கு இது நேர்ந்தால் அது சின்ன விஷயம் இல்லை. நெய்தவர் வீடு வரை சேதி போய்விட்டது.

எபினேசர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எதையும் வகுப்பில் கேள்வி கேட்பது மாதிரிதான் கேட்பார்.

“மேஸ்திரி, இந்த உத்தரத்தால் கட்டிடத்துக்கு என்ன உபயோகம்?”

பரசுராமன் ஏணி போட்டு ஏறினார். அதன் மேல் கைமரம் எதுவும் உட்காரவில்லை. கைமரங்கள் எல்லாம் சுவரின் தலைமேல் படுக்க வைத்திருந்த நீண்ட மரத்தில் கால் ஊன்றியிருந்தன. உத்தரம் தனியாக, குறுக்கே கிடந்தது. இரண்டு கோடியிலும் சுவரில் பதித்த இரும்புப் பட்டை, பட்டையில் ஒரு ஆணி. அவ்வளவுதான். விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். ணங்கென்றது. கப்பலில் வந்த பர்மா தேக்கு. பூச்சி இல்லை, வெடிப்பு இல்லை. ஏணியில் நின்றபடியே கண்ணால் நீளத்தை அளந்தார். தன் கூடத்தின் இரண்டு சுவர்களும் நினைவுக்கு வந்தன. சுவரைக் கொஞ்சம் தள்ளி எழுப்பினால் போதும்.

கீழே இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார்.

“அதும்மேல புறாவத் தவிர எதுவும் உக்காரல சார். பாரம் தாங்காத உத்தரம் எதுக்கு? எடுத்துடலாம்.”

“வலை கட்டலாமே” என்றார் சாமுவேல். “கிறிஸ்மஸ் நட்சத்திரம் அதுலதான் சார் கட்டுவேன்.”

“நட்சத்திரம் வேறு எங்காவது கட்டிக்கலாம் சாமுவேல்” என்றார் எபினேசர். “மரத்தை என்ன செய்வது?”

“நானே எடுத்துக்கினு போயிடறேன் சார். கூலி வேணாம்” என்றார் பரசுராமன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அப்போதே தோன்றியது.

எடுக்கும் நாளில் ஒன்று நடந்தது. பட்டையிலிருந்த ஆணியைச் சுத்தியலால் தட்டினார். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்துத் தட்டினார். அசையவில்லை. ஓங்கி ஓங்கி அடித்ததில் கடைசியில் ஆணி கிறீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வந்தது. வந்த வேகத்தில் பட்டை ஒரு விரல் கனத்துக்கு எகிறிச் சுவர்ப்பக்கம் போயிற்று. சுவரிலிருந்து ஒரு பிடி சுண்ணாம்பு உதிர்ந்து, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சாமுவேலின் தலையில் விழுந்தது.

பரசுராமன் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சும்மா கிடக்கிற மரத்துக்கு இவ்வளவு இறுக்கம் எதற்கு? இத்தனை வருஷமாக எதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது இது? அந்தக் கேள்வி மனசுக்கு வருவதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது. ஆணி சூடாக இருந்தது.

“இன்னா மேஸ்திரி?” என்றார் சாமுவேல் கீழிருந்து.

“துரு” என்றார் பரசுராமன்.

மரம் மாட்டு வண்டியில் பிள்ளையார்பாளையம் போயிற்று. அதை ஒரு அங்குலம்கூட அறுக்க அவருக்கு மனசில்லை. மரத்துக்கு ஏற்ற மாதிரி கூடத்தை அகலப்படுத்தினார். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் துணி கட்டி, மாவிலை செருகி, மாலை போட்டு, தேங்காய் உடைத்து உத்தரத்தை ஏற்றினார்கள். ஆவணியில் பிள்ளைகளோடு குடிபோனார்கள். பழைய வீட்டுக்கார நெசவாளர் வந்து பார்த்துவிட்டு, “நாலு தறி போடலாமே மேஸ்திரி!” என்று வாய் பிளந்தார். கிருஷ்ணவேணி கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எதிலும் இடிக்காமல் நடந்து காட்டினாள்.

பரசுராமன் ராத்திரி படுத்தால் மேலே அந்த மரம். ஒரு மாதம் பார்த்தார். பிறகு ஒருக்களித்துப் படுக்கப் பழகிக்கொண்டார்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. சர்ச் கூரையின் ஓடுகள் நீர் குடித்துக் கனத்தன. ஒரு காலை சாமுவேல் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“தெக்கால ஜன்னல் கதவு மூட மாட்டேங்குது மேஸ்திரி. போன மாசம் மூடுச்சு. கதவு ஊறிடுச்சுன்னு பாத்தா, கதவு அப்படியேதான் இருக்குது. செவுருதான் என்னமோ ஆயிருக்குது.”

போனார். ஜன்னல் தலையிலிருந்த கூர்முனையில் ஆரம்பித்து மேல்நோக்கி ஒரு வெடிப்பு ஓடியது. உள்ளே விரல் நுழைந்தது. தூக்குக்குண்டை எடுத்துச் சுவரின் உச்சியிலிருந்து வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டார். நூல் மேலே சுவரைத் தொட்டது. கீழே இறங்க இறங்கச் சுவரை விட்டு விலகிப் போயிற்று. தலை வெளியே சாய்ந்திருக்கிறது. வடக்குச் சுவருக்குப் போனார். அதுவும் தன் பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு சுவரும் ஒன்றையொன்று பிடிக்காதவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. முட்டுகள் இருந்ததால் அந்த மட்டில் நின்றிருந்தது. ஆடு ஏறி நின்றதே, அந்த முட்டிலும் இப்போது மயிரிழை விரிசல்.

ஆணி கத்திய சத்தம் காதில் கேட்டது.

அதற்குள் எபினேசர் குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். “என்ன காரணம் மேஸ்திரி?”

தெற்குச் சுவரை ஒட்டி வரிசையாகக் கனகாம்பரம் பூத்திருந்தது. சாமுவேல் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை பலிபீடத்துக்கு அந்தப் பூதான். மிச்சத்தை அவர் மனைவி கட்டி விற்பாள். பரசுராமன் கண் அதில் போய் விழுந்தது. வாய் தானாகப் பேசியது.

“செவுத்தோரம் செடி வெச்சு தெனம் தண்ணி ஊத்துனா அடி மண்ணு எளகிடும் சார். அதான் எறங்கியிருக்குது.”

சாமுவேல் அவரைப் பார்த்தார்.

“எத்தனை தடவை சொல்லியிருக்கேன் சாமுவேல், சுவரோரம் வேண்டாம்னு?” என்றார் எபினேசர். அவர் ஒரு தடவையும் சொன்னதில்லை. ஆனாலும் இப்போது சொன்னதாகவே அவருக்கு ஞாபகம். சாமுவேல் மழையிலேயே குனிந்து செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். பரசுராமன் வெடிப்பில் சாந்து வைத்து மெழுகிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவே நான்கு அடி இடைவெளி இருந்திருக்கும். அந்த நான்கடியை அவரால் தாண்ட முடியவில்லை.

வைத்த சாந்து பத்து நாளில் பிளந்தது. இதற்குள் சபையில் பேச்சு கிளம்பிவிட்டது. சாமுவேல் திருட்டுத்தனமாக இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார், பூ விற்ற ருசி விடவில்லை என்று. கிறிஸ்மஸ் முடிந்ததும் வேறு ஆள் பார்ப்பது, அறையைக் காலி செய்யச் சொல்வது என்று முடிவாகியிருப்பதாக எபினேசரே பரசுராமனிடம் சொன்னார். “வயசாயிடுச்சு, பாவம். ஆனா கட்டிடம் முக்கியமில்லையா?”

“ஆமா சார்” என்றார் பரசுராமன். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

மார்கழி பிறக்கும்போது கிறிஸ்மஸ் வெள்ளையடிப்பும் அவரிடமே வந்தது. வெள்ளையடிக்கும் முனிசாமி இரட்டை ஏணியைச் சர்ச் நடுவில் விரித்து நிறுத்தினான். இரண்டு ஏணிகளைத் தலையில் சேர்த்துக் கட்டியது அது. கால்கள் அகலாமல் இருக்க நடுவில் ஒரு கயிறு உண்டு. வாளியை மேலே இழுக்கக் கயிறு போதாமல், முனிசாமி அந்தக் கயிற்றை அவிழ்த்து வாளியில் கட்டிக்கொண்டு மேலே ஏறினான்.

வழவழப்பான தரை. ஏணியின் இரண்டு கால்களும் மெதுவாக, மிக மெதுவாக, ஆளுக்கொரு பக்கம் நகர ஆரம்பித்தன. “ஐயோ, போவுது போவுது!” என்று முனிசாமி அலறினான். அடுத்த நொடி ஏணி தரையோடு தரையாக விரிந்து, அவன் சுண்ணாம்புக் குளத்தில் உட்கார்ந்திருந்தான். அடி ஒன்றும் இல்லை. ரோஷம்தான்.

“அறிவிருக்குதாடா? கயித்த எதுக்கு அவுத்தே?” என்று கத்தினார் பரசுராமன்.

முனிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “அது சும்மாதானே தொங்கிக்கினு இருந்துச்சு மேஸ்திரி? அதும்மேல யாராவது ஏறுனாங்களா?”

பரசுராமன் விரிந்து கிடந்த ஏணியைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். உச்சியில் ஒன்றோடொன்று சாய்ந்த இரண்டு பக்கத்துக் கைமரங்கள். அவற்றின் காலடியில், ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும் இரண்டு சுவர்கள். நடுவில் கயிறு இல்லை. அவர் விரல் தானாகக் காற்றில் எழுந்து கோடு இழுத்தது. கோடு இந்தத் தடவை கீழே இறங்கவில்லை. பக்கவாட்டில் போயிற்று.

கிறிஸ்மஸுக்கு உள்ளே நிற்க இடம் இருக்காது. வாசல் வரை சனம் நிற்கும். வெடிப்பு ஓடிய ஜன்னலுக்குக் கீழேதான் பாட்டுப் பாடும் பிள்ளைகள் நிற்பார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் கிருஷ்ணவேணியிடம் சொன்னார். ஆணி கத்தியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் முறம் நின்றது.

“அதுக்கு?”

“மரத்த எறக்கித் திரும்பக் குடுக்கணும்.”

“பொட்டு வெச்சு, மாலை போட்டு ஏத்துன உத்தரத்தயா? குடி இருக்கிற வீட்டுல உத்தரத்த எறக்குனவங்க எங்கனா நல்லா இருந்திருக்காங்களா? உங்க ஊர்ல கேளுங்க, எங்க ஊர்ல கேளுங்க.”

“வேற மரம் கெடைக்கல வேணி. இரும்புக் கம்பி போடலாம்னு பட்டறையில கேட்டேன். அவ்வளவு நீளத்துக்குப் பொங்கல் தாண்டித்தான் ஆவுமாம்.”

“பனமரம் முட்டுக் குடுத்து வெளியில இருந்து தாங்க வைங்க.”

“வெப்பேன். ஆனா அது உள்ள இழுத்துப் பிடிக்காது.”

அவள் உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தாள். குடிபுகுந்த அன்று கட்டிய மஞ்சள் துணி இன்னும் அதில் இருந்தது. “உங்களுக்குத் தெரியாதா? இத்தன வருசம் தொழில் பண்றீங்களே, எடுக்கும்போது தெரியாதா?”

“தெரியாது” என்றார்.

கிருஷ்ணவேணி மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். புடைத்து முடித்துவிட்டுச் சொன்னாள்: “எறக்கறத நான் பாக்க மாட்டேன். பசங்களக் கூட்டிக்கினு தாமலுக்குப் போயிடறேன். நீங்க எறக்கிட்டு, வீட்ட எப்படியோ மூடிட்டு, அப்புறம் வந்து கூப்பிடுங்க.”

மறுநாள் சபைக் கமிட்டி கூடியது. பாதிரியாரும் இருந்தார். அவரை எல்லோரும் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். பரசுராமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். செடி காரணமில்லை, உத்தரத்தை எடுத்ததுதான் காரணம், சாமுவேல் அண்ணன்மேல் ஒரு தப்பும் இல்லை, மரத்தைத் திரும்பக் கொண்டுவந்து பூட்டுகிறேன், கிறிஸ்மஸுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன் என்று சொன்னார். எபினேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புறாவுக்காக எடுக்கச் சொன்னதில் தனக்கும் பங்கு இருப்பது அவருக்குத் தெரியும்.

“தெரியாமத்தானே செஞ்சீங்க மேஸ்திரி” என்றார்.

“தெரியாமத்தான் சார்.”

“அப்போ விடுங்க. மனுஷன் செய்யற தப்புதான். வீட்டுக் கூரையைப் பிரிச்சுக் கொண்டுவந்து குடுக்கிற ஆள் எத்தனை பேர் இருக்காங்க!”

ஐயர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு அடி மாதிரி விழுந்தது. சாமுவேல் கதவோரம் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்து ஓடுகளை இறக்கி, முட்டுக் கொடுத்து, மாலை போட்டு ஏற்றிய மரத்தை மாலை இல்லாமல் இறக்கினார். தெருவில் தறிச் சத்தம் நின்றது. எல்லோரும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். சாவு வீட்டு முன்னால் நிற்பது மாதிரி நின்றார்கள். மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் பரசுராமன்.

சர்ச்சில் வெளிப்பக்கம் பனைமர முட்டுகள் நின்றன. உத்தரத்தைக் கயிறு போட்டு மேலே ஏற்றி ஒரு கோடியைப் பூட்டியாயிற்று. மற்றக் கோடிக்குப் போனால், பட்டையின் துளையும் மரத்தின் துளையும் சேரவில்லை. நடுவில் நான்கு விரல் இடைவெளி. ஒரு அங்குலம்கூட அறுக்காத மரம் அது. மரம் குறையவில்லை. சுவர்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

ஏணியில் நின்றபடி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பழைய ஆணி.

“சேரலையா?” என்றார் சாமுவேல். இன்றைக்கும் அவர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சேரல.”

“எப்படிச் சேரும்? எடுக்கும்போது அந்தக் கத்து கத்துச்சே.”

பரசுராமன் குனிந்து பார்த்தார். “கேட்டுச்சா உங்களுக்கு?”

“தலையில சுண்ணாம்பே கொட்டுச்சே மேஸ்திரி. காது மட்டும் எங்க போவும்?”

“அன்னிக்கே ஏன்ணே சொல்லல? செடியப் பிடுங்கும்போதாவது ஏன் சொல்லல?”

“எனக்குத் தெரிஞ்சது சத்தம். அது இன்னா சத்தம்னு தெரிஞ்சவரு மேல நின்னுக்கினு இருந்தாரு. ‘துரு’ன்னாரு.” சாமுவேல் ஏணியை விடாமலே சொன்னார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பரசுராமனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். “நான் பெருக்கறவன். மேஸ்திரி பேச்சுக்கு மேல என் பேச்ச எவன் கேப்பான்?”

பரசுராமன் ஏணியிலிருந்து இறங்கினார். ஆணியைக் கையில் பிடித்தபடியே உள்ளறைக்குப் போனார். எபினேசர் அந்த வெள்ளைக்காரக் கிராமத்துப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து கிறிஸ்மஸ் பாட்டுகளுக்கு நேரம் குறித்துக்கொண்டிருந்தார்.

“சார், கமிட்டியில ஒண்ணு மறைச்சுட்டேன். தெரியாம எடுக்கல. மரத்து மேல ஆசப்பட்டு எடுத்தேன். ஆணி புடுங்கும்போதே கைக்குத் தெரிஞ்சுபோச்சு, அது எதையோ புடிச்சுக்கினு இருக்குதுன்னு. தெரிஞ்சும் எடுத்துக்கினு போனேன். தெரிஞ்சும்தான் செடிமேல பழி போட்டேன்.”

எபினேசர் பேனாவை மூடினார். இந்தத் தடவை ‘விடுங்க’ என்று சொல்லவில்லை. தோளைத் தட்ட எழுந்து வரவும் இல்லை. ஆணியைப் பார்த்துவிட்டு, “போய் வேலையை முடிங்க மேஸ்திரி. ஐயரிடம் நானே சொல்றேன். சாமுவேலிடம் நீங்க சொல்லணும்” என்றார்.

“அவருக்குத் தெரியும் சார்.”

“தெரிஞ்சாலும் சொல்லணும்.”

கொல்லனிடம் நீளமான பட்டை அடித்து வாங்கி, நான்கு விரல் இடைவெளியை அப்படியே விட்டு, உத்தரத்தைப் பூட்டினார். சுவர் போன இடத்திலிருந்து திரும்பி வரவில்லை. அதற்கு மேல் போகவும் இல்லை. வெடிப்பின் குறுக்கே அவர் வைத்த சாந்து கிறிஸ்மஸ் வரை பிளக்கவில்லை, அதற்கப்புறமும் பிளக்கவில்லை. சாமுவேல் நடு உத்தரத்தில் நட்சத்திரம் கட்டினார். புறாக்கள் அதற்கு முந்தின நாளே வந்துவிட்டிருந்தன.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் கூடத்தின் நடுவே செங்கல் தூண் ஒன்று எழும்பியது. அதன் மேல் இரண்டு பக்கமும் பனஞ்சட்டங்கள். கிருஷ்ணவேணி தாமலிலிருந்து வந்த அன்று அதைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தாள். ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. பிறகு அதிலேயே சாய்ந்து உட்கார்ந்து அரிசி புடைக்கப் பழகினாள். வருகிறவர்கள், “மேஸ்திரி வீட்டுலயே கூடத்து நடுவுல தூணா?” என்று கேட்டால், “அவரையே கேளுங்க” என்பாள். அவர் சொல்வார். ஆணி கத்தியதையும் சேர்த்தே சொல்வார். கேட்டவர்கள் சிலர் அதன் பிறகு அவரிடம் வேலை கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பரசுராமன் சர்ச்சுக்குப் போவார். நெற்றியில் விபூதியோடுதான் போவார். நடு உத்தரத்தின் நேர் கீழே ஒரு இடம் எவ்வளவு கூட்டத்திலும் காலியாக இருக்கும். புறாவுக்குப் பயந்து யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். அவர் அங்கே போய் உட்கார்வார். பாட்டு முடியும்வரை அந்த நான்கு விரல் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். தோளில் விழுவது விழும். துடைக்க மாட்டார்.

மழை விட்ட ஒரு தை மாதம், தாமலிலிருந்து கனகாம்பர நாற்று கொஞ்சம் ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ச் சாமுவேலிடம் கொடுத்தார். சாமுவேல் பிரித்துப் பார்த்தார். வேர் நன்றாக இருந்தது.

“தெக்காலயே வெக்கட்டுமாண்ணே? நானே குழி தோண்டறேன்.”

“செவுரு பக்கமே வேணாம்பா” என்றார் சாமுவேல். “கேட்டாண்ட வெச்சுக்கறேன். அங்க வெச்சா நீ ஒண்ணும் சொல்ல முடியாது.”

இரண்டு பேரும் கேட் அருகே குனிந்து மண்ணைக் கிளறினார்கள்.